மொதல்ல நல்லதைச் சொல்லுங்க

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்று அறிவித்துவிட்டால் எங்கள் லைனில் ஒரே ஓர் ஆள் காலையிலேயே தலைக்குக் குளித்துவிட்டு நிற்பாள். எதிர்வீட்டு அத்தை. அவள் பெற்ற பிள்ளை யாரும் அந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை என்பது வேறு விஷயம். பச்சைச் சேலை ஒன்று வைத்திருந்தாள். கல்யாணம், காதுகுத்து எதற்கும் அதை எடுக்கமாட்டாள். கேட்டால், "அது ஸ்கூல் சேலைடி, அத்த கட்டிகினு பந்தியில ஒக்காந்து சாம்பாரு ஊத்திக்கச் சொல்றியா" என்பாள். முகத்தில் பவுடர் திட்டுத் திட்டாக நிற்கும். சொன்னால் கோபம் வரும், அதனால் நாங்கள் யாரும் சொன்னதில்லை.

லைன் என்றால் கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகள். எங்களுடையது கோரமண்டல் ரயில் ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரம். சுரங்கத்தை மூடிய பிறகு அங்கே இருந்தவர்களுக்கு இரண்டு வழிதான் இருந்தது. ஊரைக் காலி செய்துகொண்டு போவது, இல்லாவிட்டால் தினமும் ரயிலேறி பெங்களூருக்குப் போய்த் திரும்புவது. எங்கள் அப்பா அண்டர்கிரவுண்டில் பாறை உடைத்த மனிதர். அப்புறம் பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் செக்யூரிட்டியாக நின்றார். அம்மா கார்மென்ட்ஸில் தையல் வேலை. இருட்டோடு கிளம்பி இருட்டியபின் வருவார்கள். பக்கத்து வீட்டிலும் அதற்கடுத்த வீட்டிலும் இதே கதைதான். காலை ரயில் போன பிறகு லைனில் மிச்சமிருப்பது வயசானவர்கள், நாய்கள், நாங்கள். அப்புறம் அத்தை.

அவளும் ரயிலேறியிருப்பாள். மாமாவுக்கு நெஞ்சு முழுக்க சுரங்கத்துத் தூசி. நாலடி நடந்தால் கட்டிலைத் தேடுகிற மனிதரை விட்டுவிட்டு எங்கே போவது? வீட்டிலேயே மெஷினைப் போட்டுக்கொண்டு ஜாக்கெட் தைத்தாள். ஆக, பள்ளிக்கூடத்தில் பெற்றோரை வரச் சொன்னால் போவதற்கு அந்த வரிசையிலேயே கால் சும்மா இருந்தது அவளுக்குத்தான். முதலில் யாரோ ஒரு வீட்டில் கேட்டுக்கொண்டார்கள், பாவம் என்று போனாள். பிறகு யாரும் கேட்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

பள்ளிக்கூடம் ஆண்டர்சன்பேட்டையில். நடந்தே போவாள். முன் வரிசையில் உட்காருவாள். ஒன்பதாம் வகுப்பு அறையிலிருந்து வெளியே வந்து ஆறாம் வகுப்பு அறைக்குள் நுழைவாள். அங்கிருந்து மாடிக்கு. கோலாரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் கன்னடத்து மிஸ் ஒருவர் புதிதாகச் சேர்ந்திருந்தார். தமிழை நன்றாகவே புரிந்துகொள்வார், பேசவும் செய்வார். போகிற வகுப்பிலெல்லாம் இந்தப் பச்சைச் சேலையைப் பார்த்துவிட்டு அவருக்குக் குழப்பமாகிவிட்டது.

"நிமக்கு எஷ்டு மக்களும்மா? எத்தினி பிள்ளைங்க?" என்று கேட்டார்.

அத்தை யோசித்துவிட்டு, "இந்த ஸ்கூல்லயா மிஸ், இல்ல மொத்தமாவா?" என்றாள்.

மிஸ் அதற்குமேல் கேட்கவில்லை. அந்த வருஷம் முழுக்க அவர் எங்கள் எல்லோரையும் உடன்பிறந்தவர்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். ஒரே மாதிரி முகமே இல்லாத எங்களைப் பார்த்து அந்த அம்மாவைப் பற்றி என்ன நினைத்தாரோ, அவரே பிறகு ஒருநாள் சொல்லிச் சிரித்தார்.

இவ்வளவும் சாதாரண உதவிதான், எந்த ஊரிலும் ஓர் அத்தை செய்யக்கூடியது. எங்கள் அத்தையின் வழக்கம் ஒன்றுதான் வேறு யாரிடமும் நான் பார்க்காதது. குறையைக் காதிலேயே வாங்கமாட்டாள், முதலில் ஒரு நல்ல வார்த்தை சொன்னாலொழிய.

மிஸ் மார்க் பேப்பரை விரித்து, "நோடி அம்மா, பாருங்க, இவ சயின்ஸ்லே..." என்று ஆரம்பித்தால் உடனே கையைக் காட்டி நிறுத்துவாள். "அத்த அப்புறம் சொல்லுங்க மிஸ். மொதல்ல நல்லதைச் சொல்லுங்க. எம்புள்ள இன்னாத்துல கெட்டிக்காரி?" சொல்லும்வரை நகரமாட்டாள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும் அசையமாட்டாள். மரியாதையாகத்தான் கேட்பாள், சிரித்துக்கொண்டேதான் கேட்பாள். அந்தச் சிரிப்பு பதில் வரும்வரை முகத்திலேயே இருக்கும்.

எதுவுமே சொல்ல வராத பிள்ளைகளும் உண்டே. கடைசி வீட்டுப் பெண் ஒருத்தி எல்லாப் பாடத்திலும் ஃபெயில். கணக்கு சார் பேனாவைத் திறந்தார், மூடினார், கூரையைப் பார்த்தார். கடைசியில், "டைமுக்கு வர்றாம்மா. அது ஒண்ணு சொல்லலாம்" என்றார். அத்தைக்கு அது போதும். அங்கிருந்து கிளம்பி ஆண்டர்சன்பேட்டை கடைத்தெரு வழியாக வரும்போது காய்கறிக்காரர், பூக்காரம்மா, தையல் நூல் விற்கிற பாய், எல்லோரிடமும் நின்று நின்று சொல்லிக்கொண்டு வந்தாள். "எங்க லைன்ல ஒரு பொண்ணு கீது. இஸ்கூல் வாட்ச்மேன் வர்றதுக்கு மின்னாடியே இது போய் நிக்குமாம். சாரே சொல்றாரு." சார் சொன்னது ஒன்று, அத்தை சேர்த்தது ஒன்பது. ஆனால் அந்தப் பெண் அதற்குப் பிறகு ஒருநாளும் தாமதமாகப் போகவில்லை. போக முடியாது. கடைத்தெருவில் யாராவது பார்த்துவிட்டால் அத்தையின் மானம் போய்விடும். இன்று அவள் பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். டியூட்டிக்கு எப்போதும் முதலில் போய் நிற்பவள் அவள்தான் என்று கேள்வி.

என்னைப் பற்றி மிஸ் சொன்னது குறைதான். "தும்ப சத்தம், ரொம்ப சத்தம். இவ குரல் ஹெட்மாஸ்டர் ரூம் வரைக்கும் கேக்குது." அத்தை அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவே இல்லை. "அவ்ளோ தூரம் கேக்குதா? அப்போ பிரேயர்ல இவள வுட்டு பேசச் சொல்லுங்க மிஸ். மைக்கு செலவு மிச்சம்." மிஸ் சிரித்துவிட்டார். அடுத்த வாரமே காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்க என்னை நிறுத்தினார்கள். என் குரல் கேட்டைத் தாண்டிப் போனது. இப்போது நானும் ஒரு டீச்சர், பின் பெஞ்சுவரை மைக் இல்லாமல் கேட்கும் என் குரல். இந்தப் பெருமையை நான் மறைக்கப்போவதில்லை.

நல்ல வார்த்தையை ஊருக்குச் சொல்வாள். குறையை அந்தப் பிள்ளைக்கு மட்டும் சொல்வாள். அதுவும் எப்படி? மாலையில் கூப்பிட்டு மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கவைப்பாள். துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசுவாள்.

"நீ ஓம்வொர்க்கு எழுதறதில்லன்னு மிஸ் சொல்றாங்க. நான் நம்பல. நம்பட்டா, வாணாமா? நீயே சொல்லு."

என்ன பதில் சொல்ல முடியும்? நம்பாதே என்றால் பொய். நம்பு என்றால் வெட்கம். மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். நாங்கள் கட்டைவிரலால் தரையைத் தேய்த்துக்கொண்டு நிற்போம். அப்பாவிடம் பெல்ட்டால் வாங்கியிருந்தால்கூட அத்தனை வலித்திருக்காது. கடைசியில், "நம்பு அத்தை, இனிமே எழுதறேன்" என்று ஏதாவது முனகுவோம். "சரி, போ. டீ வெச்சிகீறேன், குடிச்சுட்டுப் போ" என்பாள். அவ்வளவுதான் விசாரணை.

அவள் பிறவியிலேயே இப்படி இல்லையாம். மாமா ஒருநாள் சொன்னார். அவருக்கு ஒரு வாக்கியம் சொல்ல இரண்டு மூச்சு வேண்டும். "இவளா? எங்க பொண்ணு படிக்கச்சொல்லோ... இவ மீட்டிங் போய்ட்டு வருவா. மிஸ்ஸு சொன்னத அப்டியே கேட்டுகினு வந்து... வூட்ல வெச்சு அடிப்பா. அந்தப் புள்ள ஒரு கட்டத்துக்கு மேல... எதையுமே எங்ககிட்ட சொல்றத வுட்ருச்சி. கல்யாணம் வாணாம்னுகூட சொல்லல. பண்ணி அனுப்பிட்டோம்." அத்தை உள்ளே அடுப்படியில்தான் இருந்தாள். கேட்டிருக்கும். மறுக்காமல் மாமாவுக்கு டீயைக் கொண்டுவந்து வைத்தாள். அந்த அக்கா ஓசூரில் இருந்தாள். வருஷத்துக்கு ஒருமுறை வந்து, சிரித்த முகமாக இருந்து, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போவாள். பின்னால் அத்தையும் மாமாவும் அவளிடமே குடிபோனார்கள். இப்போது அம்மாவும் மகளும் வாய்விட்டுச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. பேச்சு வந்துவிட்டதே.

எல்லோருக்கும் அத்தையின் பெருமை இனித்தது என்று சொல்லமாட்டேன். என் அம்மாவுக்குக் கசந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கிற இடத்தில் அத்தை சத்தமாக, "உம்பொண்ணு பிரேயர்ல பேசச்சொல்லோ நான் கேட்டுல நின்னு கேட்டேம்மா. ஒடம்பே சிலித்துப் போச்சு" என்றாள். அம்மா சிரித்தாள். வீட்டுக்குள் வந்ததும் பக்கெட்டை நங்கென்று வைத்தாள். "நான் பெத்த பொண்ணு பேசறத அவ கேக்கறா. நான் அவ வாயால கேட்டுக்கணும். இன்னா பொழப்பு இது." எனக்கு அப்போது அம்மா பொறாமைப்படுகிறாள் என்று மட்டும்தான் பட்டது. இப்போது எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள். அம்மாவின் பக்கெட் சத்தத்துக்கு அர்த்தம் இப்போதுதான் தெரிகிறது.

அப்பா எதுவும் சொன்னதில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தின் வாசலைக்கூட அவர் மிதித்ததில்லை. வேலை என்பார். ஞாயிற்றுக்கிழமை விழா வைத்தாலும் ஏதாவது காரணம் இருக்கும். அவருக்கு அங்கே பயம். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் பாதாளத்துக்கு இறங்கிய ஆள் ஒரு கன்னட மிஸ்ஸின் மேஜைக்கு முன்னால் உட்காரப் பயந்தார். கன்னடம் பேச வரும், படிக்க வராது. ஏதாவது காகிதத்தை நீட்டிப் படிக்கச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று அம்மாவிடம் ஒருமுறை கேட்டிருக்கிறார்.

அத்தையின் முறை ஒரே ஒருமுறை பொய்த்தது. அதுவும் எங்கள் வீட்டில்.

தம்பி அப்போது பத்தாவது. தங்கம் பிரித்தெடுத்த மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாகிப்போன சயனைடு மேடு எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதன் அடிவாரத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். தம்பி பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவான், பாதி நாள் அங்கேதான் போய்ச் சேருவான். அந்த வருஷம் அவன் வகுப்புக்குக் கணக்கு எடுத்தது கோலார் மிஸ்தான், அவர் அத்தையிடம் சொன்னார். அத்தை அவனை மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கவைத்து வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "நம்பட்டா, வாணாமா?" அவன் நேராகப் பார்த்து, "நம்பாத அத்தை. மிஸ் அட்டனன்ஸ் எடுக்கச்சொல்லோ நான் தண்ணி குடிக்கப் போயிருப்பேன்" என்றான். அவள் நம்பவில்லை. மிஸ்ஸை நம்பவில்லை. அடுத்த முறையும் அப்படித்தான். வருகைப் பதிவு குறைந்துகொண்டே போனது. எங்கள் அப்பா அம்மாவிடம் அத்தை மூச்சு விடவில்லை.

கடைசியில் பள்ளிக்கூடத்திலிருந்து அப்பாவுக்கே போன் போனது. பெங்களூரில் கேட்டில் நின்றுகொண்டிருந்தபோது வந்ததாம். இப்படியே போனால் பையன் பரீட்சைக்கு உட்கார முடியாது, பெற்றவர்கள்தான் வரவேண்டும், வேறு யாரும் வேண்டாம்.

அன்று ரயிலிலிருந்து இறங்கிய அப்பா எங்கள் வீட்டுக்குள் நுழையவில்லை. நேராக எதிர்வீட்டு வாசலில் போய் நின்றார். லைனே வெளியே வந்துவிட்டது.

"யக்கா, இது உனக்கு எப்போத்திலேந்து தெரியும்?"

"கொஞ்ச நாளா தெரியும்."

"எம்புள்ள கெட்டுப்போறது ஊருக்கெல்லாம் தெரிஞ்சு கடைசில எனக்குத் தெரியணுமா? நல்லது மட்டும் வந்து வந்து சொல்லிகினு இருந்தியே. இத்த சொல்ல வாய் வரலியா? அவன் உன் புள்ளயா, எம்புள்ளயா?"

அத்தை வாசற்படியில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். எதிர்த்துப் பேசுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். "தப்பு என்னுதுதான் தம்பி. பொய் சொல்றான்னு தெரியல. தெரிஞ்சிருக்கணும்" என்றாள். அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை. தம்பி எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

அப்பா முடிவெடுத்துவிட்டார். அவர் வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்தில் புதிய கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. டைல்ஸ் தூக்க ஆள் வேண்டுமாம். "படிச்சது போதும். எங்கூட ரயில்ல வரட்டும். என் கண்ணு மின்னாடியாவது இருப்பான்." அம்மா அழுதாள், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் லைனில் ஒருமுறை அந்த ரயிலேறிய பையன்கள் யாரும் திரும்பிப் பள்ளிக்கூடம் போனதில்லை. கணக்கில் தம்பியை அடிக்க ஆளில்லை. அது எனக்குத் தெரியும், அவன் கூட்டாளிகளுக்குத் தெரியும். அப்பாவுக்கு அது அத்தை அடிக்கும் பெருமைகளில் ஒன்று.

கூட்டம் கலைந்தது. அத்தை மட்டும் நகரவில்லை. அப்பா திரும்பியபோது மெதுவாகச் சொன்னாள். "ரயில் ஏத்தறதுன்னா ஏத்து தம்பி. பெத்தவன் நீ, நான் இன்னா சொல்றது. ஆனா டீசி வாங்கணுமே. இல்லன்னா நாளைக்கு அவனுக்கு ஒரு சர்டிபிகேட்டும் கெடைக்காது. அத்த என் கையில குடுக்கமாட்டாங்க. அப்பன்தான் வந்து வாங்கணும்."

அப்பா முகம் மாறியது. "நீயே போய்..."

"நான்தான் யாரும் இல்லியே" என்றாள் அத்தை.

திங்கட்கிழமை அப்பா லீவு போட்டார். பொங்கலுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். நாங்கள் நான்கு பேராகப் போனோம். அப்பா முன்னால், தம்பி அவருக்குப் பின்னால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, கடைசியில் நானும் அத்தையும். அத்தை அன்று பச்சைச் சேலை கட்டவில்லை. வீட்டில் கட்டுகிற பூப்போட்ட சேலைதான். பவுடரும் இல்லை. பள்ளிக்கூடம் நெருங்க நெருங்க அப்பாவின் நடை சுருங்கியது. கேட்டுக்குப் பக்கத்தில் நின்று செருப்பைத் துடைத்துக்கொண்டார்.

"யக்கா, போய் இன்னா பேசணும்?"

"டீசின்னு கேளு, குடுப்பாங்க. அதுக்கு மின்னாடி குத்தம் சொல்வாங்க. கேக்கணும்னா கேளு. கேக்க முடியலன்னா, மொதல்ல அவன் இன்னாத்துல கெட்டிக்காரன்னு சொல்லச் சொல்லு. நான் அப்டித்தான் செய்வேன். வாங்கறது டீசியா இருந்தாலும், எத்த தூக்கிகினு போறோம்னு தெரிஞ்சிகினு போ."

சொல்லிவிட்டு அவள் உள்ளே வரவில்லை. வராந்தாவில் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். நானும் நின்றேன். டீசி என்றதும் ஆபீஸில் அப்பாவை மிஸ்ஸைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வகுப்பறையில் மிஸ் மட்டும் இருந்தார். அப்பா பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். தம்பி நின்றான்.

மிஸ் வருகைப் பதிவேட்டைத் திறந்து, "நோடி சார்..." என்று ஆரம்பித்தார். அப்பாவின் கை தானாக உயர்ந்தது. உயர்ந்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டார். "மிஸ். தயவுமாடி. மொதல்ல... எம்புள்ள இன்னாத்துல கெட்டிக்காரன், அத்த சொல்லுங்க."

மிஸ் பதிவேட்டை மூடிவிட்டார். ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தார். அத்தை சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"கணக்குலே சார். நான் கன்னடத்துலே சொல்வேன், இங்கிலீஷ்லே சொல்வேன், பின்னாடி பெஞ்சு தமிழ்ப் பிள்ளைங்க முழிக்கும். இவன் திரும்பி உக்காந்து தமிழ்லே சொல்லுவான். புரிஞ்சிடும். இவன் வராத நாள்லே எனக்கே கஷ்டம்." அவரே தொடர்ந்து கேட்டார், "வீட்லே எப்படி சார்? வீட்லே என்ன செய்வான்?"

அப்பா திரும்பித் தம்பியைப் பார்த்தார். வராந்தாவில் அத்தையின் விரல்கள் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தன. எப்படியும் உள்ளே புகுந்து பதில் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவளுக்குத் தெரியாத பதிலா? அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"தெரியல மிஸ்" என்றார் அப்பா. "நான் போறச்சொல்லோ தூங்கினு இருப்பான். வரச்சொல்லோவும் தூங்கினு இருப்பான். அவன் நின்னு பேசி நான் பாக்கறதே ஞாயித்துக்கெழமதான்."

"தூங்கினு இருக்கமாட்டேன்" என்றான் தம்பி.

அறையில் இருந்த இரண்டு பேரும் அவனைப் பார்த்தார்கள்.

"காலைல முழிச்சினுதான்பா இருப்பேன். நீ இருட்டுல சட்டை தேடுவ. எழுப்புவியான்னு பாத்துகினே படுத்துனு இருப்பேன். நீ கதவ சாத்திட்டுப் போய்டுவ."

அவன் அழவில்லை. அப்பாதான் மிஸ் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம் என்பதையும் மறந்து தோள் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சுரங்கத்தை மூடிய அன்றுகூட அவர் அழவில்லை என்று அம்மா சொல்லியிருக்கிறாள். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே தீர்ந்துபோனது.

மிஸ் மறுபடி பதிவேட்டைத் திறந்தார். இனி ஒருநாள்கூட விடாமல் வந்தால் பரீட்சைக்கு உட்கார வழியிருக்கிறது, அதற்கு அப்பாதான் பொறுப்பு என்றார். பிறகு தயங்கி, "ஆபீஸ்லே நீங்க டீசி கேக்க வந்ததா சொன்னாங்க. எழுதச் சொல்லவா?" என்றார்.

"இன்னா டீசி?" என்றார் அப்பா. "யாரு சொன்னது? நான் சும்மா மிஸ்ஸப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

ஜன்னலுக்கு வெளியே அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

தம்பி அந்த ரயிலில் ஏறவில்லை. பரீட்சை எழுதினான், பாலிடெக்னிக் படித்தான், இன்று கனரக இயந்திரங்கள் செய்கிற தொழிற்சாலையில் வேலை செய்கிறான். அப்பா அதற்கப்புறம் கிளம்புவதற்கு முன்னால் அவனை எழுப்பினார். டம்ளரில் டீயைக் கையில் கொடுத்து, இருவரும் படியில் உட்கார்ந்து குடித்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, அந்த நேரத்தில் நான் நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தேன். அடுத்த கூட்டத்துக்கு அம்மா லீவு போட்டாள். அவளைப் பார்த்துப் பக்கத்து வீட்டிலும் ஒருவர் போனார். எல்லோரும் போனார்கள் என்று சொல்லமுடியாது. மற்றவர்களுக்காக அத்தை பச்சைச் சேலையில் போய்க்கொண்டுதான் இருந்தாள்.

ஆனால் அவளை நினைத்தால் எனக்கு வருவது அந்தத் திங்கட்கிழமைதான். தம்பியை வகுப்பில் விட்டுவிட்டு நாங்கள் மூன்று பேரும் கடைத்தெரு வழியாகத் திரும்பினோம். அப்பா யாரிடமும் பேசாமல் வேகவேகமாக நடந்தார். கண் சிவந்திருந்தது, யாரும் பார்த்துவிடக் கூடாதென்ற அவசரம். அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று அவருக்கு இருந்திருக்கும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை போல. பூக்கடை வந்தது. பூக்காரம்மா அத்தையைப் பார்த்ததும், "இன்னா, இன்னிக்கு மீட்டிங்கா? பச்ச சேல எங்க?" என்றாள். பிறகு அப்பாவைக் காட்டி, "இவரு யாரு?" என்று கேட்டாள்.

அத்தை நின்றாள். எதிர்க்கடைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி குரலை உயர்த்தினாள்.

"இவரத் தெரியாதா? கணக்குல மொத ஆளா கீறானே எங்க லைன் பையன், அவனப் பெத்தவரு. பெங்களூர்ல வேலைக்கி லீவு போட்டுட்டு இஸ்கூலுக்கு வந்துகீறாரு. அந்தக் கோலார் மிஸ்கிட்ட சரிக்குச் சரியா ஒக்காந்து பேசனாரு பாரு, நான் இத்தினி வருசம் போறேன், எனக்கு அப்டி பேச வராது."

"யக்கா, சும்மா இரு" என்றார் அப்பா, தலையைக் குனிந்துகொண்டு.

அத்தை சும்மா இருக்கவில்லை. மிஸ் எழுந்து நின்று வணக்கம் சொன்னதாகவும், ஹெட்மாஸ்டரே வந்து பார்த்ததாகவும் சேர்த்துக்கொண்டே போனாள். வெயில் நன்றாக ஏறிவிட்டிருந்தது. அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை அப்பா அந்தக் கடைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.